சிவப்பு மையில் ஒரு க்

எங்கள் அச்சகத்தில் கதைப் புத்தகம் அடிப்பதில்லை, கல்யாணப் பத்திரிகையும் அடிப்பதில்லை. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு சீட்டு வைத்திருப்பார்களே, பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக நீங்கள் குப்பையில் போடுகிற அந்தச் சீட்டு, அதைத்தான் அடிக்கிறோம். அதில் பிழை திருத்துகிறவன் நான். இருபத்தாறு வருஷமாக ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு மேஜை விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சிவப்பு மைப் பேனா. எழுத்தெல்லாம் எறும்பு சைஸில் இருக்கும். அதை யாரும் படிக்கப் போவதில்லை என்று எனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். அதற்காகப் பிழையோடு விட்டுவிட முடியுமா?

அங்கே எனக்குப் பெயர் ‘ஒற்று’. க், ச், த், ப் எங்கே விட்டுப்போனாலும் பிடித்துவிடுவேன் என்று மெஷின்காரர்கள் வைத்த பட்டம். “ஒற்று வர்றாரு, வாயை மூடு. நீ பேசறதுலயே பிழை பிடிப்பாரு” என்பார்கள். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வேனே தவிர, உள்ளுக்குள் பெருமைதான்.

என் தொழில் ரகசியம் ஒன்று உண்டு. பின்னாலிருந்து படிப்பேன். கடைசி வார்த்தையில் ஆரம்பித்து, ஒவ்வொரு வார்த்தையாக முன்னால் வருவேன். முன்னாலிருந்து போனால் அர்த்தம் புரியத் தொடங்கிவிடும். அர்த்தம் புரிந்தால் கண் சோம்பேறியாகிவிடும், இல்லாத எழுத்தையும் இருப்பதாக நினைத்துத் தாண்டிப் போய்விடும். பின்னாலிருந்து வந்தால் அந்தத் தொல்லையே இல்லை. ஆயிரக்கணக்கான சீட்டுகள் என் கண் வழியாகப் போயிருக்கின்றன. ஒன்றைக்கூட நான் புரிந்துகொண்டு படித்ததில்லை. இதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் என்பதால், முதலிலேயே உங்களிடமும் சொல்லி வைக்கிறேன்.

என் மனைவிக்கும் கிட்டத்தட்ட இதே வேலைதான். தையல் ஆலையில் செக்கிங். தைத்து வருகிற சட்டையை மேஜையில் விரித்து, பிசிறு, விட்டுப்போன தையல், ஏறி இறங்கிய காலர் எல்லாம் பார்த்து ‘பாஸ்’ சொல்ல வேண்டும். “ரெண்டு பேரும் பிழை பார்த்தே பிழைக்கிறோம்” என்பாள். நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இவளே’ என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்து வெகு காலமாயிற்று.

அவளுடைய வரிசையில் நாற்பது பெண்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் மேற்பார்வையாளர் மேஜையில் இருக்கும் மரக்கட்டை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். நாற்பது பேருக்கும் கட்டை ஒன்றே ஒன்று. அது திரும்பி வந்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். இந்த வம்பே வேண்டாமென்று அவள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். காலையில் கொண்டுபோகும் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நீர்க்கடுப்பு. வெளியே சொல்லக் கூச்சப்படுவாள். தங்கையிடம் மட்டும் சொல்லுவாள்.

தங்கை செடி விற்கும் நர்சரியில் வேலை செய்கிறாள். நான் வைத்த பெயர் செடிக்காரி. எந்த நோய் என்றாலும் அவள் கையில் ஓர் இலையோ கிழங்கோ இருக்கும். தொண்டைக்கு ஓமவல்லி, சளிக்கு மஞ்சள், புண்ணுக்குத் தேன், நீர்க்கடுப்புக்குப் பார்லித் தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலாகப் பூண்டு. பூண்டு கிருமியைக் கொல்லும் என்று அவள் ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஓடும். “உன் தங்கச்சி வந்தா வீட்டுல உட்காரவே பயமா இருக்கு. அசந்தா என்னையும் அரைச்சுக் கஷாயம் வச்சிடுவா” என்று சொல்லுவேன். அக்காவும் தங்கையும் சேர்ந்து சிரிப்பார்கள். உள்ளதையும் சொல்ல வேண்டும். ஒரு முறை காகிதம் வெட்டும் கத்தியில் என் விரல் கிழிந்தபோது, தேன் தடவிக் கட்டிச் சீழ் பிடிக்காமல் காப்பாற்றியவள் அவள்தான்.

இந்த முறை நீர்க்கடுப்போடு நிற்கவில்லை. ஜுரம் வந்தது, வாந்தி வந்தது, முதுகின் ஒரு பக்கம் தொட்டாலே துடித்தாள். செடிக்காரி வந்து நெற்றியில் கை வைத்தாள், முதுகை மெல்ல அழுத்திப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டு, “மாமா, இது என் செடிக்கெல்லாம் அடங்காது. இப்பவே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க” என்றாள். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

தெருமுனை டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, ஏழு நாள். அந்தப் பெயரில் இருக்கும் ஃ-க்காக அச்சகத்தில் நான் சண்டை போட்டிருக்கிறேன்.

“தண்ணி நிறையக் குடிக்கணும். நல்லாயிடுச்சேன்னு நடுவுல நிறுத்தக் கூடாது. வெயில்ல நிக்க வேணாம். குதிகால் நரம்பு வலிச்சா மாத்திரையை விட்டுட்டு உடனே வரணும். அப்புறம்...” என்று டாக்டர் சொல்லிக்கொண்டே வந்தார்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. “அந்த மருந்துச் சீட்டே எங்க அச்சகத்துலதான் டாக்டர் அடிக்கிறோம். திருத்தினது நான்தான்” என்றேன்.

டாக்டர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். “அப்ப உங்களுக்குப் போய் நான் சொல்லிக்கிட்டிருக்கேன் பாருங்க” என்று அடுத்தவரைக் கூப்பிட்டார். வாசலில் பதினொரு பேர் காத்திருந்தார்கள். அந்த ‘அப்புறம்’ அப்படியே நின்றுபோயிற்று.

மறுநாள் காலையிலேயே செடிக்காரி பிளாஸ்க்கோடு வந்துவிட்டாள். பாலில் பத்துப் பல் பூண்டு போட்டு, மஞ்சள் தட்டிப் போட்டுக் குழையக் காய்ச்சியது. “மாத்திரை கிருமியைப் பார்த்துக்கும். இது தெம்புக்கு” என்று சொல்லி வைத்துவிட்டு வேலைக்கு ஓடினாள். மேஜையில் இன்னொரு மாத்திரையும் இருந்தது. நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவர்களுக்கு இடுப்பு வலிக்கென்று ஆலையில் கொடுக்கும் கால்சியம் மாத்திரை. என் மனைவிக்குப் பூண்டு வாசனை வந்தாலே குமட்டும். மாத்திரை என்றாலோ தொண்டை தானாக மூடிக்கொள்ளும். மூன்றையும் எதிரே வைத்துக்கொண்டு, பரீட்சைத் தாளைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூணையும் ஒரே மடக்குல முழுங்கிடு இவளே. ஒரு தடவை முகம் சுளிச்சா வேலை முடிஞ்சுது” என்றேன். எனக்கு அச்சகத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நல்ல யோசனை சொல்லிவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன்.

“ஒண்ணா சாப்பிடலாமாங்க? அந்தச் சீட்டுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன்.”

பெட்டிக்குள்ளிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தேன். மூன்று மாதத்துக்கு முன்னால் அதே சீட்டைத் திருத்தியபோது ஒரு வாக்கியத்தில் க் விட்டுப்போயிருந்தது. சிவப்பு மையில் போட்டு அனுப்பினேன். அச்சு கோக்கிறவன் அதைச் சேர்த்தானா, இல்லை வழக்கம்போல் கோட்டை விட்டானா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பின்பக்கம், இரண்டாவது பத்தி, கீழிருந்து நாலாவது வரி. விரலை வைத்துத் தேடினேன். க் இருந்தது. மனசு நிறைந்துவிட்டது.

“எல்லாம் சரியா இருக்கு. முழுங்கு” என்றேன்.

முழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வர, வாயை ஆவென்று திறந்து நாக்கை நீட்டிக் காட்டினாள். அதற்கும் ஒரு காரணம் உண்டு. போன வருஷம் அவளுக்குக் கொடுத்த சத்து மாத்திரையில் இரண்டு மெத்தைக்கு அடியில் கிடந்து என்னிடம் மாட்டிக்கொண்டன. அன்றிலிருந்து மாத்திரை போட்டால் வாயைத் திறந்து காட்ட வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன்.

“செக்கிங் முடிஞ்சுதா? பாஸா?”

“பாஸ்” என்றேன்.

முதல் இரண்டு நாள் இரண்டு வேளையும் இப்படியே நடந்தது. ஜுரம் இறங்கவில்லை. மூன்றாம் நாள் அச்சகத்தில் அவசர வேலை வந்து சேர்ந்தது. மூன்று, நான்கு, ஐந்து என்று தொடர்ந்து மூன்று நாள் சாயங்காலம் நான் வீடு வந்து சேர நேரமாயிற்று. அந்த மூன்று சாயங்காலமும் செடிக்காரி வந்து அக்காவைப் பார்த்துக்கொண்டாள். காலை வேளை மட்டும் என் மேற்பார்வை. நான்காம் நாள் ஜுரம் லேசாக விட்டது. ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து, என் சட்டைக்கு அறுந்துபோன பொத்தானைத் தைத்துக் கொடுத்தாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, “பாஸ்” என்று என் மேல் வீசினாள்.

“பார்த்தியா? உன் பூண்டா, என் மாத்திரையா?” என்று செடிக்காரியைச் சீண்டினேன்.

“யாரு ஜெயிச்சா என்ன மாமா. அக்கா எழுந்து உட்கார்ந்தாளே.”

ஆறாம் நாள் என் வேலை பழையபடி ஆயிற்று. இரண்டு வேளையும் நானே கொடுத்தேன். பால், கால்சியம், மாத்திரை, ஒரே மடக்கு, நாக்கு, பாஸ். ஆறாம் நாள் ராத்திரி ஜுரம் திரும்பியது. ஏழாம் நாள் மாத்திரை தீர்ந்தது. எட்டாம் நாள் காலையில் அவளுக்கு வந்த நடுக்கத்தில் கட்டில் சுவரில் மோதி மோதிச் சத்தம் போட்டது. உதடு நீலம் பாரித்திருந்தது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அந்த வார்டில் இருபது கட்டில்கள். எங்களுடையது கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. டாக்டர் சின்ன வயசுப் பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம், காலில் செருப்பு மாற்றி மாட்டியிருந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. கிருமி சிறுநீரகத்திலிருந்து ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார். என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்கச் சிறுநீரையும் ரத்தத்தையும் பரிசோதனைக்கு அனுப்பினார். அதுவரைக்கும் வேறு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள்.

“பிழைச்சிடுவாங்களா டாக்டர்?” என்று கேட்டேன்.

“ஒரு வாரம் முந்தி வந்திருக்கணும்.”

“தெருமுனை டாக்டர்கிட்டப் போனோமே! ஏழு நாள் மாத்திரை கொடுத்தோமே. ஒரு வேளை தவறல.”

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எதோடு கொடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. ஒரு வேளை தவறவில்லை என்று நான் சொன்ன தோரணையில், யாருக்கும் கேட்கத் தோன்றியிருக்காது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இது சாதாரண கிருமிங்க. நீங்க சொல்ற மாத்திரைக்கே சாகிற கிருமி. ஏழு நாள் மாத்திரை உள்ளே போயிருந்தா இவங்க இந்நேரம் வேலைக்குப் போயிருக்கணும். உண்மையைச் சொல்லுங்க. ஒழுங்கா சாப்பிட்டாங்களா?”

“என் கையாலதாங்க கொடுத்தேன்.”

“கொடுத்தீங்க. உள்ளே போச்சா?”

எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. பிழை கண்டுபிடிக்கிறவனிடம் பிழை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும், அவ்வளவுதான். மெத்தைக்கு அடியில் கிடந்த இரண்டு மாத்திரை ஞாபகம் வந்தது. நான் வீட்டில் இல்லாத மூன்று சாயங்காலங்கள் ஞாபகம் வந்தன. எனக்குக் கணக்கு நேராகிவிட்டது.

செடிக்காரி படிக்கட்டருகே பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேரே போய் நின்றேன்.

“மாத்திரையை என்ன பண்ணினே?”

“எந்த மாத்திரை மாமா?”

“நடிக்காதே. நான் இல்லாத மூணு சாயங்காலம்! மாத்திரையைத் துப்பச் சொல்லிட்டு உன் பூண்டை ஊத்திவிட்டே, இல்ல? உன் வைத்தியம் ஜெயிக்கணும்னு என் பொண்டாட்டியைக் கொன்னுக்கிட்டிருக்கே!”

சுற்றி இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“மாமா, மாத்திரை வேணாம்னு நான் ஒரு வார்த்தை சொன்னேனா? டாக்டர்கிட்டப் போங்கன்னு சொன்னதே நான்தானே...”

“எழுந்து போ. என் கண்ணுல படாதே.”

போனாள். எழுந்த வேகத்தில் பிளாஸ்க் படியில் உருண்டு உள்கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டது. அதை எடுக்கக்கூட அவள் திரும்பி வரவில்லை.

அந்த ஆத்திரத்தோடேயே கட்டிலுக்கு வந்தேன். என் மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அன்றைக்காவது என்னை யாராவது பிடித்து வெளியே தள்ளியிருக்கலாம்.

“இவளே, என்னைப் பாரு. மாத்திரையைத் துப்பினியா?”

கண்ணைத் திறந்தாள். கேள்வி புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் மெதுவாகத் தலையை அசைத்தாள், இல்லையென்று.

“பொய் சொல்லாதே. கன்னத்துல ஒதுக்கி வச்சுட்டு அப்புறம் துப்பினியா? உன் தங்கச்சி சொன்னாளா?”

அவளுக்குப் பேச முடியவில்லை. உதட்டை ஈரப்படுத்திக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு வாயை ஆவென்று திறந்து, வறண்டு வெடித்த நாக்கை எனக்கு நீட்டிக் காட்டினாள். நீட்டியபடியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடமிருந்து அவளுக்கு ஒரே ஒரு வார்த்தை வர வேண்டியிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயை இறுக்கி மூடப் போனேன்.

மறுநாள் மத்தியானம் அவள் போய்விட்டாள். முந்தின ராத்திரியே நினைவு தப்பிவிட்டது, பிறகு திரும்பவே இல்லை. முப்பது வருஷம் ‘இவளே’ என்று கூப்பிட்டவள் ஒரே மத்தியானத்தில் ‘அவள்’ ஆகிவிட்டாள். எடுத்துப் போன அன்று செடிக்காரி வாசலுக்கு வெளியே, கடைசி ஆளாக நின்றுவிட்டுப் போனாள். நான் உள்ளே கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் நான் அவள் மேலும் கோபமாக இருந்தேன். செத்தவள் மேல்தான் சொல்கிறேன். ஒரு மாத்திரையை முழுங்காமல் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனாளே என்று சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து திட்டியிருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு ஒரு துணையாகவே இருந்தது.

போன திங்கட்கிழமை மெஷின் மேஸ்திரி ஒரு பழைய உறையைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார். சிப்ரோஃப்ளாக்சசின் சீட்டு மறுபதிப்பு. உறைக்குள் நான் முன்பு திருத்திய தாளும் இருந்தது.

“எல்லாம் பழசேதான் அண்ணே. தேதி மட்டும் புதுசு. ஒரு பார்வை பார்த்து ‘சரி’ போட்டுக் கொடுத்துடுங்க.”

பெயரைப் பார்த்ததுமே உறையைத் தள்ளி வைத்தேன். இருந்தாலும் வேலை வேலைதான். விளக்கை இழுத்துக்கொண்டேன், பழைய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன், வழக்கம்போல் பின்னாலிருந்து வந்தேன். இரண்டாவது பத்தி, கீழிருந்து நாலாவது வரி. என் சிவப்பு மை, கொக்கி போட்டு மேலே ஒரு க்.

கூடாது. உட்கொள்ளக். சேர்த்து. ஆகியவற்றுடன். மாத்திரை. கால்சியம். தயிர். பால்.

ஒவ்வொரு வார்த்தையும் பிழையில்லாமல் இருந்தது. அடுத்த வரிக்குப் போகவே கண் நகர்ந்தது. பிறகு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை, கண் திரும்பி வந்தது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை முன்னாலிருந்து படித்தேன்.

‘பால், தயிர், கால்சியம் மாத்திரை ஆகியவற்றுடன் சேர்த்து உட்கொள்ளக் கூடாது. சேர்த்து உட்கொண்டால் மருந்து உடலில் சேர்வது குறையும். இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவோ, ஆறு மணி நேரம் கழித்தோ உட்கொள்ளவும்.’

விட்டுப்போன எழுத்துக்காக நான் சிவப்பு மை போட்ட வாக்கியம் இதுதான். வீட்டில் அவள் கேட்ட அன்று விரல் வைத்துப் பார்த்த வாக்கியமும் இதுதான். எல்லாம் சரியா இருக்கு, முழுங்கு.

மாத்திரை உள்ளே போயிருக்கிறது. நான் ஊற்றிக் கொடுத்த பாலும் கால்சியமும் அதைப் பிடித்துக்கொண்டு, உடம்பில் ஒட்டவிடாமல் வெளியே தள்ளியிருக்கின்றன. எத்தனை பங்கு சேர்ந்தது, எத்தனை பங்கு வீணாயிற்று என்று இனி யாரும் அளந்து சொல்ல முடியாது. அவள் துப்பவில்லை. வாயைத் திறந்து காட்டினாள், நான் பார்த்தேன், அப்படியும் நம்பவில்லை.

தாளில் ‘சரி’ என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எழுதாமலே மூடி வைத்தேன். மேஸ்திரி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் பழைய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு நர்சரிக்கு நடந்தேன்.

செடிக்காரி கூடாரத்தின் நிழலில் உட்கார்ந்து தொட்டிகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து இரண்டு அடி பின்னால் போனாள். அடிப்பேன் என்று நினைத்தாளோ என்னவோ.

நான் பேசுவதற்கு முன்னால் அவளே ஆரம்பித்தாள். “நீங்க சொன்ன மாதிரி நான்தான் அக்காவைக் கொன்னுட்டேனோன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன் மாமா. பூண்டு அந்த மாத்திரையைக் கெடுத்திருக்குமோன்னு பார்க்கிறவங்க எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். யாருக்கும் தெரியல. நான் இப்பல்லாம் பூண்டு தொடறதில்ல.”

தாளை நீட்டினேன். “இதைப் படி.”

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். உதட்டை அசைத்து, ஒவ்வொரு வார்த்தையாக, முன்னாலிருந்து பின்னால் படித்தாள். ஒரே தடவைதான் படித்தாள், புரிந்துவிட்டது.

“இந்தச் சிவப்பு எழுத்து?”

“நான்தான்.”

“எப்ப எழுதினீங்க?”

“அவ படுக்கறதுக்கு மூணு மாசம் முன்னால.”

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்து மண்டையில் போட்டாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“அப்ப அக்கா துப்பல” என்றாள்.

“துப்பல.”

“பாலோடயா கொடுத்தீங்க எல்லா வேளையும்?”

“ஒரே மடக்குல குடின்னு சொன்னேன். நீயும் அப்படித்தானே கொடுத்திருப்பே, அந்த மூணு சாயங்காலம்?”

அவள் தலையை ஆட்டினாள். “இல்ல மாமா. குமட்டுதுன்னு அழுதா. பாவமா இருந்துச்சு. மாத்திரையை மட்டும் ரெண்டு டம்ளர் தண்ணியில கொடுத்தேன். பாலை ஆற வச்சுட்டு, ரொம்ப நேரம் கழிச்சுப் படுக்கப் போறப்பதான் கொடுத்தேன். கால்சியம் கொடுக்கவே இல்ல, மறந்துட்டேன்.”

நான்காம் நாள் ஜுரம் விட்டதும், ஐந்தாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து பொத்தான் தைத்ததும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. பதினான்கு மாத்திரையில் ஒழுங்காக உள்ளே போனவை மூன்று. அந்த மூன்றையும் கொடுத்தவளைத்தான் படிக்கட்டில் வைத்துக் கொலைகாரி என்றேன். மீதி பதினொன்று என் கணக்கு.

கீழே உட்கார்ந்துவிட்டேன். “என்னை மன்னிச்சிடு” என்றேன். வார்த்தையில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அது எனக்கே ஓர் எறும்பளவாகத்தான் கேட்டது.

அவள் தாளை நான் மடித்திருந்த மடிப்பிலேயே திரும்ப மடித்து, என் பையில் வைத்தாள்.

“என்னை விடுங்க மாமா. ஆஸ்பத்திரியில அக்கா உங்ககிட்ட நாக்கை நீட்டிக் காட்டினாளாமே, பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னாங்க.” அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. “பாஸ்னு சொன்னீங்களா?”